பதினேழு ஜோடி பூட்ஸ்

வேல்விழி போலீஸ் வேலைக்கு வந்த நாலு வருஷத்தில் எத்தனையோ பேர் மேல் வந்த புகாரை எழுதியிருக்கிறாள். சொந்த மதினி மேல் எழுத வேண்டிவரும் என்று நினைத்ததில்லை.

ரைட்டர் லீவு. ஸ்டேஷனில் திருத்தமான கையெழுத்து அவளுக்குத்தான். ஏட்டு லட்சுமிகாந்தம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பட்டாசுக் கம்பெனி மானேஜர் பால்பாண்டி கொடுத்த புகாரை வாய்விட்டுப் படித்தார். அவள் எழுதிக்கொண்டே வந்தாள்.

"நாலாம் நம்பர் ரூமில் மருந்து அடைக்கும் வேலை பார்த்த இசைவாணி, வயது இருபத்தொம்பது, கம்பெனி விதிக்கு மாறாகக் காலில் மெட்டி அணிந்து உள்ளே சென்று, அந்த மெட்டி தரையில் உரசி..."

வேல்விழி பேனாவை நிறுத்தினாள்.

"என்னம்மா, மை தீந்துபோச்சா?"

"மெட்டின்னா எழுதியிருக்கு ஏட்டய்யா?"

"மெட்டின்னுதான் இருக்கு. ஒங்க மதினிதான, கால்ல மெட்டி போடுறவதான?"

"வீட்ல போடுவா. கம்பெனிக்குள்ள போட மாட்டா. யாருமே போட மாட்டாக."

"நீ கூடப் போயி பாத்தியா?"

அவள் பார்க்கவில்லைதான். ஆனால் ப்ளஸ் டூ முடித்து ரெண்டு வருஷம் அதே கம்பெனியில் சரம் பின்னியவள். ஆபீஸ் வெளியே, ரோட்டை ஒட்டி இருக்கும். மருந்து ரூம்களெல்லாம் முள்கம்பி வேலிக்கு உள்ளே, கரிசல் காட்டில் தள்ளித் தள்ளிக் கிடக்கும். வேலிக்கு ஒரு உள்கேட், அதில் இரும்பு, தீப்பெட்டி உள்ளே கூடாது என்று ஒரு போர்டு. அங்கே வாட்ச்மேன் ஊர்க்காவலன் ஒரு பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செருப்பை வெளியே விட்டுவிட்டு, கல்யாணமான பெண்கள் மெட்டியைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருத்தியும் தன் மெட்டிகளை ஒரு நிற நூலில் கோத்துக் கொடுப்பாள். சாயங்காலம் நூலைப் பார்த்து எடுத்துக்கொள்வாள். இசைவாணியின் நூல் பச்சை.

தீப்பிடித்தது முந்தாநாள் காலை எட்டரைக்கு. இசைவாணியை அள்ளிப் போட்டுக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்திருந்தது, கழுத்திலும் கொஞ்சம். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொன்னதாக அண்ணன் காளீஸ்வரன் போன் பண்ணியிருந்தான். சாயங்காலம் மெட்டி எடுக்க அவள் வரவில்லை. அப்படியென்றால் அது இன்னும் டப்பாவில்தான் கிடக்க வேண்டும்.

"உள்கேட்ல ஒரு டப்பா இருக்கு ஏட்டய்யா. அதைத் தொறந்து பாத்தா..."

"அன்னைக்கு நான்தான விசாரிக்கப் போனேன். எந்த டப்பாவும் இல்ல."

அன்றைக்கு அவர் ஆபீஸ் வாசலில் ஜீப்பை விட்டு இறங்கி, ஆபீசில் உட்கார்ந்து, கலர் குடித்து, எழுதிக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தவர். உள்கேட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"எழுதும்மா," என்றார். எழுதினாள்.

லட்சுமிகாந்தம் காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுக்காரர். மோசமான ஆள் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. வேல்விழி ஸ்டேஷனுக்கு வந்த நாளிலிருந்து வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருகிறார், அவ்வளவுதான். ஸ்டேஷன் பானையில் தண்ணீர் பிடித்து வைப்பது அவள் வேலை. ஏன் பாட்டில் என்று அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அவள் தெருவில் காக்கி போட்ட முதல் ஆள் அவள். அவள் தாத்தா இவர் மாதிரி ஆட்களின் காட்டில்தான் கமலை இறைத்தார்.

அந்த ஸ்டேஷனில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக வருகிறவன் ஒரு மாதத்துக்குள் யாரையாவது அடித்துக் காட்ட வேண்டும். ஆடு திருடியவனோ, சாராயம் விற்றவனோ, யாராவது சிக்குவான். அவனைச் சுவரோரம் நிறுத்தி, புதியவன் கையில் லத்தியைக் கொடுப்பார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் அவனோடு ஒரே தட்டில் புரோட்டா பிய்ப்பார்கள். வேல்விழி கையிலும் கொடுத்தார்கள். நிறுத்தியிருந்தது சைக்கிள் திருடிய ஒரு கிழவன். அவள் லத்தியை மேஜைமேல் வைத்துவிட்டு, அவன் பேர், அப்பன் பேர், ஊர் எல்லாம் கேட்டு எழுத ஆரம்பித்தாள். நாலு வருஷமாகியும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எஃப்.ஐ.ஆரில் மை காய்வதற்குள் போன் வந்தது. பால்பாண்டிதான். கம்பெனிப் பெண்கள் அறுபது பேர் நாலாம் நம்பர் ரூம் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்களாம். பட்டாசுக் கம்பெனிகளைச் சோதிக்கிற தனி தாசில்தார் நேரில் வந்து ரூமைத் திறந்து பார்க்கும்வரை ஒருத்தரும் நகர மாட்டார்களாம்.

"தலைமை யாரு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர் காசிராஜன். கேட்டுவிட்டு வேல்விழியைப் பார்த்தார். "ஏம்மா, சோலையம்மாள்னு சொல்லுதான். யாரது?"

"எங்கம்மா அய்யா."

காசிராஜன் தூத்துக்குடிக்காரர். மாறுதலாகி வந்து ரெண்டு மாதம்தான் ஆகிறது. கடற்கரையில் வலைச்சண்டை, படகுச்சண்டை எல்லாம் அடித்து அடக்கிப் பேர் வாங்கியவர். பட்டாசைத் தீபாவளிக்கு வெடித்ததோடு சரி.

"நீ வாரியா, ஸ்டேஷன்ல இருக்கியா?"

"வர்றேன் அய்யா. பொம்பளைப் போலீஸ் நான் ஒருத்திதான்."

"வந்தா அடிக்கணும். அம்மா ஆட்டுக்குட்டின்னு நிக்கக் கூடாது."

ஜீப்பிலும் வேனிலுமாகப் பதினேழு பேர் கிளம்பினார்கள். சித்திரை வெயில். ரோட்டோரம் வேலிக்கருவைகூட இலை சுருண்டு நின்றது. வேனில் ஏட்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நாலு வருசமா அந்த லத்திக்கு இன்னும் பேரு வைக்கல. இன்னைக்கு மொட்டையடிச்சு காது குத்திருவோம்," என்றார். வேன் சிரித்தது.

வேல்விழி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரியும். முதல் நாள் இரவு போனில் சொல்லியிருந்தாள். கலந்த மருந்தை அன்றன்றைக்கே முடிக்க வேண்டும். மிஞ்சினால் வெளியே கொண்டுபோய்க் கொளுத்திவிட வேண்டும். ஆர்டர் நெருக்கடி என்று ஒரு மாதமாகப் பால்பாண்டி மிச்ச மருந்தை ரூமிலேயே மூடி வைக்கச் சொல்கிறான். மருந்து ராத்திரியெல்லாம் ஈரம் குடித்துச் சூடேறிக் கிடக்கும். முந்தாநாள் காலை அதைத்தான் இசைவாணி கிளறினாள். ஒரு சட்டி பிடித்து அவள் கை வெந்தது. மற்ற மூன்று சட்டி மூலையில் அப்படியே இருக்கிறது; பயந்துபோய் ரெண்டு நாளாக யாரும் கிட்டப் போகவில்லை. பெண்கள் எழுந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் அதை அள்ளி ரூமைக் கூட்டிவிடுவார்கள். அப்புறம் மிஞ்சுவது மெட்டிக் கதை மட்டும்தான். கை வெந்ததும் இசைவாணிக்கு, கேசும் இசைவாணிக்கு.

உள்கேட்டுக்கு வெளியே வண்டிகள் நின்றன. வேலிக்கு உள்ளே முப்பது அடி தள்ளி, நாலாம் நம்பர் ரூம் வாசலில், மொட்டை வெயிலில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தார்கள். எல்லாருக்கும் வெறுங்கால். முதல் வரிசையில் சோலையம்மாள் தூக்குவாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தாள். மகளைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"அந்தா வந்துட்டாகள்ல, மாப்ள வீட்டுக்காரக," என்றாள் பக்கத்திலிருந்த அய்யம்மாள். "கம்போட வந்திருக்காக. தட்டைக் காணோம்."

பால்பாண்டி ஆபீசிலிருந்து ஓடிவந்தான். "சார், ரெண்டு தட்டு தட்டினா எந்திரிச்சிருவாளுக. ரூம் காலி சார். ஒண்ணுமில்ல. சும்மா வம்பு."

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினார். ஏட்டு லத்தியைப் பிடித்துக்கொண்டு முன்னால் அடி வைத்தார்.

ஊர்க்காவலன் கேட்டில் குறுக்கே வந்து நின்றார். அறுபது வயசுக்கு மேல். அவர் உடம்புக்கு அந்தக் காக்கிச் சட்டை ரெண்டு சுற்று பெரிது.

"அய்யா, தீப்பெட்டி கீப்பெட்டி இருந்தாக் குடுத்துட்டுப் போங்க. பூட்ஸையும் கழட்டிருங்க."

"ஏலே, யாருகிட்ட சொல்லுத?" என்றார் காசிராஜன்.

"யாரு வந்தாலும் சொல்லுவேன்யா. சொல்லத்தான் ஒக்கார வச்சிருக்காக."

ஏட்டு அவரைத் தோளில் கைவைத்துத் தள்ளினார். கிழவர் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். டப்பா மடியிலிருந்து நழுவப் பார்க்க, வேல்விழி அதைப் பிடித்து அவர் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். இப்போது கேட்டில் ரெண்டு பேர் குறுக்கே நின்றார்கள்.

"அய்யா, உள்ள போகாதீக," என்றாள். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று பேசினாள். "அங்கன தரையெல்லாம் மருந்துப் பொடி சிந்திக் கெடக்கும். நம்ம பூட்ஸ்ல லாடம் இருக்கு. லத்தியில இரும்புப் பூண் இருக்கு. ஒரு பொறி போதும்யா. அறுபது பொம்பளைகளும் நம்ம பதினேழு பேரும் மிஞ்ச மாட்டோம்."

"ஆத்தாளக் காப்பாத்த அளக்கா," என்றார் ஏட்டு. "இத்துப்போன லாடத்துல என்னம்மா தீ வரும்?"

"அந்தா காவக் குடிசை இருக்கு ஏட்டய்யா. உள்ள இருட்டு. வாசப்படிக் கல்லுல தேச்சுப் பாருங்க. இது வேலிக்கு வெளிய, ஒண்ணும் ஆகாது."

எல்லாரும் ஏட்டைப் பார்த்தார்கள். பின்வாங்கினால் கேவலம். லட்சுமிகாந்தம் குடிசைக்குள் ஒரு எட்டு வைத்து, மாட்டை உதைக்கிற மாதிரி குதிகாலால் கல்லை ஒரு உதை உதைத்து இழுத்தார்.

இருட்டுக்குள் சரக்கென்று மஞ்சளாக ஒரு கொத்துப் பொறி பறந்து அணைந்தது.

ஏட்டு தன் காலையே, அது யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார். பூட்ஸ் சீக்கிரம் தேயக் கூடாது என்று போன மாதம்தான் பஸ் ஸ்டாண்டில் புது லாடம் அடித்திருந்தார். அவர் சொல்லி மற்றவர்களும் அடித்திருந்தார்கள்.

வேல்விழி லத்தியைக் கேட்டோரம் சாய்த்து வைத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள். குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து, ரெண்டையும் ஜோடியாக, அந்தப் பெண்களின் செருப்பு வரிசையின் கடைசியில் வைத்தாள்.

பின்னால் இன்னொருவனும் குனிந்து கயிற்றை அவிழ்க்கிற சத்தம் கேட்டது.

"எவன்லே கழட்டச் சொன்னது?" என்றார் காசிராஜன்.

"அய்யா, எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக," என்றான் அவன். நிமிரவில்லை. மற்றக் காலையும் அவிழ்த்தான். அவனுக்கு அடுத்தவன் உட்கார்ந்தே விட்டான்.

பால்பாண்டி இன்ஸ்பெக்டர் காதருகே போனான். "சார், இதெல்லாம் பாத்தா ஆகாது. பொழுது போயிரும்."

காசிராஜன் அவனைப் பார்த்தார். அடித்துப் பேர் வாங்கியவரே தவிர, முட்டாளில்லை. "சரி. லத்தி வேண்டாம். தீயணைப்பு வண்டியக் கூப்பிடுதேன். தூரத்துல நின்னு தண்ணிய அடிச்சா எந்திரிச்சிருவாளுவ."

வேல்விழி வாய் திறப்பதற்குள் பால்பாண்டி, "தண்ணி மட்டும் வேண்டாம் சார்," என்றான்.

"ஏன்?"

"இல்ல சார்... வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் வேல்விழி பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. தண்ணி பட்டா என்ன?"

"அலுமினியப் பொடி கலந்த மருந்துய்யா. ஈரம் பட்டாச் சூடேறிப் பத்திக்கிரும். மருந்து இருந்தாத்தான். ரூம் காலியா இருந்தா ஒண்ணும் ஆகாது."

காசிராஜன் மெதுவாகத் தலையாட்டினார். "ரூம் காலின்னு எழுதிக் குடுத்திருக்கீரு. இப்பவும் அதான் சொன்னீரு. காலி ரூம்ல தண்ணி பட்டா ஒமக்கு என்னவே நோவு?"

பால்பாண்டி கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தான். உள்ளேயிருந்து அய்யம்மாள் சத்தம் போட்டாள்: "கேளுங்கய்யா, நல்லாக் கேளுங்க. நாங்க கேட்டா மொறைக்காரு."

இன்ஸ்பெக்டர் ரூமை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குடிசை வாசல் கல்லில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார். வலதுகால் சாக்ஸில் ஓட்டை. கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. வேலிக்கு உள்ளே ஒரு சிரிப்புக் கிளம்பி வரிசை வரிசையாகப் போனது. அவர் சாக்ஸையும் உருவிப் பூட்ஸுக்குள் திணித்தார். சட்டைப்பையிலிருந்து சிகரெட் லைட்டரை எடுத்து ஊர்க்காவலனிடம் நீட்டினார்.

"இந்தாரும். இத எங்க வைப்பீரு?"

"டப்பாவுலய்யா," என்று ஊர்க்காவலன் மூடியைத் திறந்தார்.

டப்பா நிறைய மெட்டி. வேலைக்குப் போகாவிட்டாலும், கேட்டுக்குள் நுழைகிறோம் என்பதால் அன்றைக்கும் எல்லாரும் கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா என்று நூல்கள். காசிராஜன் குனிந்து பார்த்தார்.

"எல்லாரும் குடுத்துட்டுத்தான் போவாளுவளா?"

"குடுக்காம ஒருத்தியும் நொழைய முடியாதுய்யா. இருவத்திரெண்டு வருசமா நாந்தான் வாங்குதேன்."

"முந்தாநாள் கை வெந்துதே, அந்தப் பிள்ள?"

ஊர்க்காவலன் விரலால் கிண்டி, பச்சை நூலைப் பிடித்துத் தூக்கினார். ரெண்டு ஜோடி மெட்டி வெயிலில் ஆடியது.

"இந்தா, இதுதான்யா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாக. எடுக்க வரல."

"இத ஏன்வே யாருகிட்டயும் சொல்லல?"

"யாரும் கேக்கலய்யா. எல்லாரும் ஆபீசோட போயிருதாக."

லட்சுமிகாந்தம் தரையைப் பார்த்தார். காலையில் தான் வாய்விட்டுப் படித்தது அவருக்கு நினைவு இருந்திருக்கும். வேல்விழி அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் சிரித்திருப்பாள்.

பதினேழு பேரும் வெறுங்காலோடு உள்ளே போனார்கள். சித்திரை மத்தியானக் கரிசல் மண் தோசைக்கல் மாதிரி. பெண்களுக்குப் பழகிய கால். போலீஸ்காரர்கள் ஒத்தைக்கால் கொக்குப் போல மாறி மாறி நின்றார்கள்.

"என்னய்யா, ஆனந்தத்துல ஆடுதீகளா?" என்றாள் அய்யம்மாள்.

சோலையம்மாள் இடுப்பில் செருகியிருந்த சும்மாட்டுத் துணியை உதறி மண்ணில் விரித்தாள். "இதுல நில்லுங்க. கால் வெந்துபோகும். ஒருத்தி கை வெந்தது போதும்."

மற்றவர்களும் துணியை விரித்தார்கள். அடிக்க வந்தவர்கள் அதில் நாலு பேர் அஞ்சு பேராக ஒட்டிக்கொண்டு நின்றார்கள். தாசில்தாருக்கு இன்ஸ்பெக்டரே ஆபீஸ் போனில் பேசினார். சாத்தூரில் இருக்கிறாராம், ரெண்டு மணி நேரம் ஆகுமாம்.

"அதுவரைக்கும் ரூம் பக்கம் ஒரு ஈ போகக் கூடாது," என்றார் காசிராஜன். அறுபது பெண்கள் ரூமைச் சுற்றி உட்கார்ந்திருக்க, பதினேழு போலீஸ் அவர்களுக்குக் காவல் நின்றது.

ஒரு மணி நேரத்தில் ஏட்டின் உதடு வெடித்துவிட்டது. பாட்டில் வேனில் கிடந்தது. வேனுக்குப் போக அந்த மண்ணைக் கடக்க வேண்டும். சோலையம்மாள் தூக்குவாளியைத் திறந்து, மூடியில் பழைய சோற்று நீச்சத்தண்ணி ஊற்றி நீட்டினாள். உப்பும் சின்ன வெங்காயமும் போட்டது.

"குடிங்க ஏட்டய்யா. மயங்கி விழுந்தா அதுக்கும் எங்க மேலதான் கேசு போடுவீக."

லட்சுமிகாந்தம் மூடியைப் பார்த்தார். பிறகு வாங்கி, அண்ணாந்து, மிச்சம் வைக்காமல் குடித்தார். மூடியைத் திருப்பி நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க."

ஊற்றினாள். மகளைப் பார்த்து, "ஒனக்கு வேணுமாத்தா?" என்றாள். அன்றைக்கு அவளோடு பேசிய முதல் வார்த்தை அது.

தாசில்தார் நாலு மணிக்கு வந்தார். அவரும் உள்கேட்டில் செருப்பைக் கழற்றினார். ரூமைத் திறந்தார்கள். மூலையில் சாக்குப் போட்டு மூடிய மூன்று சட்டி. சாக்கைத் தூக்கியதும் மருந்து அடைகட்டிக் கிடந்தது, ஒரு நெடி வந்தது. தாசில்தார் எல்லாரையும் ரோடு வரைக்கும் பின்னால் போகச் சொல்லிவிட்டு, அதை அழிக்கத் தெரிந்த ஆட்களைக் கூப்பிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குப் பொட்டலில் அது எரிந்தபோது ரோட்டில் நின்றவர்கள் முகத்தில் வெக்கை அடித்தது. கம்பெனிக்குச் சீல் விழுந்தது. பால்பாண்டி போலீஸ் ஜீப்பில் ஏறினான். ஏறுமுன் ஊர்க்காவலனை முறைத்தான்.

"போயிட்டு வாங்க தம்பி," என்றார் ஊர்க்காவலன். "தீப்பெட்டி இருந்தாக் குடுத்துட்டுப் போங்க."

ரோட்டில் நின்ற அறுபது பெண்களும் சிரித்த சிரிப்பு நாரணாபுரம் பஸ் ஸ்டாப் வரை கேட்டது என்று பிறகு சொன்னார்கள்.

மெட்டிகளைக் கைப்பற்றியதாக மகஜர் எழுதியது வேல்விழிதான். கேசு மாறியது. இசைவாணி பேர் சாட்சிப் பட்டியலில் முதலில் வந்தது. வேல்விழி காளீஸ்வரனுக்குப் போன் பண்ணினாள். அவன் போனை இசைவாணி காதில் வைத்தான்.

"மதினி, கேசு போச்சு. ஒங்க மெட்டி மட்டும் கோர்ட்டுல இருக்கும். வர நாளாகும்."

"வேற வாங்கித் தரச் சொல்லு ஒங்கண்ணன," என்றாள் இசைவாணி. குரல் கிழிந்துதான் வந்தது. "பச்சை நூலு இருக்கு."

பத்து நாள் கழித்து மேலாபீசிலிருந்து வேல்விழிக்கு மெமோ வந்தது. யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள். 'பணியிலிருக்கும்போது உத்தரவின்றிக் காலணி, பெல்ட், லத்தி ஆகியவற்றைக் களைந்தது ஏன் என மூன்று தினங்களில் விளக்கம் தரவும்.'

ஏட்டு அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "நீளமா எழுதாத. நீளமா எழுதுனா மாட்டிக்கிருவ." சொல்லிவிட்டுப் பானையில் தண்ணீர் மொண்டு குடித்தார். பஸ் ஸ்டாண்டில் லாடத்தைப் பிடுங்கிவிட்டு வந்திருந்தார். நடந்தால் சத்தமே வரவில்லை.

வேல்விழி ஒரே ஒரு வரி எழுதினாள். 'காலணி, இரும்பு, தீப்பெட்டி உள்ளே கூடாது, யாராக இருந்தாலும் என்று கேட்டில் போர்டு இருந்தது, படித்தேன்.'

கையெழுத்துப் போட்டு இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தாள். காசிராஜன் ரெண்டு தடவை வாசித்தார். மேலே அனுப்பப் பரிந்துரை எழுதும் இடத்தில், பேனாவைத் திறந்து, தன் கையால் எழுதினார்:

'நானும் படித்தேன்.'